மிஸ் அடிக்கும் பழைய கார்: வீட்டிலேயே காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் வழியில் தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான் பல பழைய கார்கள் தம் குறையை வாய்விட்டுச் சொல்லும். சமதரையில் ஒழுங்காக வந்த வண்டி, மேட்டில் மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் வெட்டி வெட்டி இழுக்கும். சைலன்சர் பொட்டுப் பொட்டென்று துப்பும். பின்னால் வரும் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலை, காரின் சொந்தக்காரர் பானெட்டைக்கூடத் திறக்காமல் உதிரிபாகக் கடைக்குப் போய் ஒரு செட் பிளக் வாங்கி வருவார். தவறுகளில் முதலாவது இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

மிஸ் அடிப்பது என்றால், ஒரு சிலிண்டருக்குள் போன பெட்ரோலும் காற்றும் எரிய வேண்டிய நேரத்தில் எரியவில்லை என்று பொருள். எரிவதற்குச் சரியான தருணத்தில் வலுவான தீப்பொறி வேண்டும், பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்திருக்க வேண்டும், அந்தக் கலவையை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் வேண்டும். பிளக் இவற்றுள் முதலாவதன் ஒரு சிறு பகுதி மட்டுமே. பெட்ரோலையும் காற்றையும் கலந்துதரும் கார்பரேட்டர் உள்ள என் பழைய மாருதி 800 ஒரு முறை இப்படிப் படுத்தியபோது, நானே பிளக் மாற்றினேன்; பிறகு ஒரு மெக்கானிக்கின் பேச்சைக் கேட்டுப் பிளக் வயர்களையும், தீப்பொறிக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயிலையும் மாற்றினேன். கடைசியில் பார்த்தால், சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டியிருந்த வாக்குவம் ஹோஸ் என்ற ரப்பர் குழாய் ஒன்று நுனியில் வெடித்திருந்தது. நுனியை ஒரு விரற்கடை வெட்டிவிட்டு மறுபடி மாட்டியதோடு வேலை முடிந்தது.

அந்தக் காரியத்தில் நான் செய்த உண்மையான பிழை, குறை எப்போது வருகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டதுதான். என் வண்டி நின்ற இடத்தில் மட்டுமே துடித்தது. ஓட்டத் தொடங்கினால் சரியாகிவிட்டது. ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது, காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும் விசை மிக அதிகமாக இருக்கும். ஆகவே சிறு ஓட்டை வழியாக நுழையும் திருட்டுக் காற்றும் அப்போது கலவையைக் கெடுத்துவிடும். வேகம் கூடும்போது, உள்ளே போகும் மொத்தக் காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு அற்பமாகிவிடுகிறது. தொப்பூர் மேட்டில் மட்டும் மிஸ் அடிக்கும் வண்டியின் கதை இதற்கு நேர்மாறானது. திராட்டில் முழுவதும் திறந்து சிலிண்டர் நிறையக் கலவை புகுந்து அழுத்தம் கூடும்போது, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கத் தீப்பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. தேய்ந்த பிளக்கோ, வெடிப்பு விட்ட வயரோ, களைத்த காயிலோ சமதரையில் சமாளித்துவிட்டு அங்கேதான் கைவிடும். ஏறும்போது பெட்ரோல் போதாமல் இழுவை குறைவதும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஒரே சீராகத் தொய்ந்து வரும், வெட்டி வெட்டி வராது. எனவே கையில் ஸ்பானரை எடுக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: குளிர்ந்த எஞ்சினிலா, சூடேறிய பிறகா, நின்ற இடத்திலா, மேட்டிலா, மழை நாளிலா, எல்லா நாளிலுமா.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் மார்கழிப் பனியில் காலையில் மட்டும் மிஸ் அடித்து, பத்து மணி வெயிலில் தானாகவே சரியாகும் வண்டிகள் உண்டு. அது கார்பரேட்டரின் கோளாறு என்று எண்ணி அதன் கலவை ஸ்குருவைத் திருகுவது வீண் வேலை. மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் படிந்திருக்கலாம், அல்லது மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கரிக்கோடு ஓடி மின்சாரத்தை வேறு வழியில் கடத்தலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, எதையும் தொடாமல் பானெட்டுக்குள் பார்த்தால், காப்பு விட்டுப்போன வயர்களில் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கேழ்வரகு மூட்டைகளுக்குப் பக்கத்தில் கொட்டகையில் நிற்கும் வண்டியென்றால் எலி கடித்த வயர்களையும் தேட வேண்டும். எங்கள் ஊரில் இது அரிதான காரணம் அல்ல.

எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் ஆபத்தான தவறுகள் நடக்கின்றன. எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அந்த வயரில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். கை உதறும்போது முழங்கை விசிறியில் படலாம். போக இடமில்லாத அந்த வோல்டேஜ் காயிலையும், மின்னணு இக்னிஷன் உள்ள வண்டியானால் காயிலை இயக்கும் இக்னைட்டரையும் உள்ளுக்குள்ளேயே பொசுக்கிவிடக்கூடும். சைலன்சரில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதையும் கெடுக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு வயரைக் கழற்றி, அதன் நுனியில் உதிரிப் பிளக் ஒன்றை மாட்டி, பிளக்கின் உலோக உடலை ஜம்பர் வயரால் எஞ்சினோடு இறுகப் பிணைத்து எர்த் செய்துவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்து, சில விநாடிகள் மட்டும் கவனிப்பதே முறை. கார்பரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இதைவிட எளிய வழி, அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிவிடுவது. பெட்ரோலே போகாததால் கன்வெர்ட்டருக்கும் தீங்கில்லை. கழற்றியதும் எஞ்சின் மேலும் தள்ளாடினால் அந்த சிலிண்டர் நன்றாக உழைத்துக்கொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் குற்றவாளி அதுவே.

மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்று சிலிண்டர் எஞ்சின் ஐடிலிங்கில் இயல்பாகவே கொஞ்சம் ஆடும். அம்பாசடரின் நான்கு சிலிண்டருக்குப் பழகியவர் அதை மிஸ் என்று நினைத்து, இல்லாத நோய்க்கு மருந்து தேடுவார். உண்மையிலேயே ஒரு சிலிண்டர் நின்றால் மூன்றில் ஒரு பங்கு இழுவை போய்விடும். அப்போது ஐயத்துக்கே இடம் இருக்காது.

சிலிண்டர் தெரிந்த பிறகு பிளக்குகளைக் கழற்றலாம். இங்கே மூன்று பிழைகள் அடுத்தடுத்து நிகழும். முதலில், குழியைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி எடுக்காமல் பிளக்கைக் கழற்றுவதால், குவாரித் தூசி நிறைந்த கிருஷ்ணகிரிச் சாலைகளில் ஓடிய வண்டியாயின் அந்த மணல் அப்படியே சிலிண்டருக்குள் விழும். இரண்டாவது, வயர்களில் எண் எழுதி ஒட்டாமல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உருவிவிடுவது. மாருதி 800க்குத் தீப்பொறி வரிசை 1-3-2, அம்பாசடருக்கு 1-3-4-2 என்பது நினைவில் இல்லாதவர், மாற்றி மாட்டிவிட்டுப் பழைய குறையோடு புதுக் குறை ஒன்றையும் சேர்த்துக்கொள்வார். மூன்றாவதுதான் எனக்கு மிகுந்த எரிச்சலூட்டுவது: கழற்றிய கையோடு பிளக்கைப் பெட்ரோலில் முக்கி, உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்குவது. அந்தக் கரிதான் சாட்சி. விசாரிக்கும் முன்பே அதைக் கழுவிவிடுகிறோம். பிளக்கின் நுனி இளம்பழுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் நலமாக உள்ளது. காய்ந்த கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை படிந்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். பெட்ரோல் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் காற்று அதிகமாகி எஞ்சின் மிகைச் சூடு கண்டிருக்கிறது. ஐயமிருந்தால் மிஸ் அடிக்கும் சிலிண்டரின் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம். குறையும் கூடவே இடம் மாறினால்தான் பிளக் மீது குற்றம். வயரையும் இப்படியே சோதிக்கலாம், நீளம் இடம் கொடுத்தால்.

எல்லாப் பிளக்கும் ஒரே மாதிரி கருத்திருந்தால் குறை ஒரு சிலிண்டரைச் சார்ந்ததன்று. ஏர் ஃபில்டர், சோக், கார்பரேட்டர் என்று பொதுவானவற்றைப் பார்க்க வேண்டும். சென்னையில் ஜெட்டும் (பெட்ரோல் வரும் துளை) ஸ்குருவும் வைக்கப்பட்ட கார்பரேட்டர், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் காற்று மெலிவதால் சற்றுக் கூடுதலாகவே பெட்ரோல் விடும் என்பதையும் மனத்தில் கொள்ளலாம். ஆனால் ஸ்குருவில் கை வைப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். இருந்த நிலையிலிருந்து முழுவதும் மூடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறிக்காமல் திருகியவர்களால் பழைய நிலைக்குத் திரும்பவே முடியாது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறியை உண்டாக்கும் பாயிண்ட் உள்ள வண்டிகளில் இன்னொரு வழக்கமான பிழை உண்டு. கரிந்த பாயிண்டைத் தேய்த்து, இடைவெளியைக் கண் மதிப்பில் வைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பல பழைய வண்டிகளுக்கு அந்த இடைவெளி சுமார் 0.4 மி.மீ.; இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜ் இல்லாமல் இதை வைக்க இயலாது. அதோடு இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது தீப்பொறி வரும் தருணமும், மாறும். ஆகவே முதலில் இடைவெளி, பிறகு டைமிங் என்ற வரிசை தவறக் கூடாது. பாயிண்டின் ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் மேடு கட்டியிருந்தால் பாயிண்டோடு இணைந்து அதில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டன்சரையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பாயிண்டை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே குறை திரும்பி வரும்.

காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க, ஓடும் எஞ்சினின் மேல் பெட்ரோலைப் பீய்ச்சிப் பார்ப்பவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஏற்கெனவே பொறி தாவும் வயர்கள் இருக்கக்கூடிய இடத்தில் செய்யும் செயலா அது? ஒரு முழ நீளக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மேனிஃபோல்டைச் சுற்றி நகர்த்தினால் சீறும் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு ஹோஸாகக் கிள்ளிப் பிடித்தாலும் எஞ்சின் ஓட்டம் மாறுவதிலிருந்து கசிவு தெரியும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்காக வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் ஹோஸ்களும் கார்பரேட்டர் டயாப்ரமும் ஊதியோ வெடித்தோ போகலாம் என்பதால் பெட்ரோல் செல்லும் ஹோஸ்களையும் அப்போதே விரலால் அழுத்திப் பார்த்துவிட வேண்டும். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு விசிறிப் பட்டைக்கு அருகில் குனிவதும், கதவு சாத்திய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதும் உயிருக்கே உலை வைப்பவை. சைலன்சரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து குறைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் வாங்கிவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது புதிய மயக்கம். தொடக்க கால எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் பலவற்றோடு மலிவான புளூடூத் ஸ்கேனர் பேசவே பேசாது. பேசினாலும் பி 0301 என்ற குறியீடு முதல் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று சொல்லுமே தவிர, பிளக்கா, இன்ஜெக்டரா, வால்வா என்று சொல்லாது.

தீப்பொறியும் சரி, கலவையும் சரி என்றான பிறகும் ஒரு சிலிண்டர் மட்டும் உழைக்கவில்லையென்றால் எஞ்சியிருப்பது கம்ப்ரஷன். ஒரே ஒரு பிளக்கை மட்டும் கழற்றி, ஆக்சிலேட்டரை அழுத்தாமல் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பவர்களுக்குக் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. எஞ்சினைச் சூடேற்றி நிறுத்தி, பெட்ரோலையும் காயில் இணைப்பையும் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு சுற்று சுழலவிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றோடொன்று ஒப்பிடும்போது ஒரு சிலிண்டர் மட்டும் வெகுவாகக் குறைந்தால், அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, அல்லது எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே குறைந்து, ரேடியேட்டர் தண்ணீரும் காரணமின்றிக் குறைந்துவந்தால் கேஸ்கட் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். வால்வு என்று தோன்றினாலும் உடனே ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம். வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி இறுகிப்போய் வால்வு முழுவதும் மூடாமல் நின்றாலும் இதே எண்தான் காட்டும். கையேட்டில் உள்ள அளவுக்கு டேப்பட்டை வைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை கேஜை மாட்டிப் பார்த்த பிறகே வண்டியைப் பட்டறைக்கு அனுப்பலாம்.