பூச்சுக்கு முன் பொருத்திப் பாருங்கள்: வாகன உடற்பாகங்கள் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் கராஜுக்கு முன்பக்கம் உடைந்து வரும் வாகனங்களில் பெரும்பாலானவை மாட்டில் மோதியவை. ஏ9 வீதியில் மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம் என்று காடும் வயலும் மாறி மாறி வரும் பகுதியில், கட்டாக்காலி மாடுகள் இரவில் தாரின் சூட்டுக்காக வீதியிலேயே படுத்துவிடுகின்றன. மோதிய வாகனத்தில் பஃபரும் (பம்பர்) ஒரு பக்க ஹெட் லைட்டும் நிச்சயம் போகும். வேகத்தைப் பொறுத்து மட்காட்டும் பொனட் முனையும் சேர்ந்து மடியும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் உள்ள வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட்டப் பழகிய நம்மவர்களுக்கு, உதிரிப்பாகக் கடையில் எதைப் பார்த்து வாங்குவது என்பது தெரிந்திருக்க வேண்டிய விடயமாகிவிட்டது.

இந்தப் பாகங்கள் மூன்று வகையாக வருகின்றன. வாகனத்தைத் தயாரித்த நிறுவனமே விற்கும் புதிய ஒரிஜினல் ஒன்று. ஜப்பானில் கழற்றப்பட்டுக் கொள்கலனில் வந்து, கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களிலிருந்து ஊருக்கு ஏறும் பழைய ஒரிஜினல் இன்னொன்று. வேறு நிறுவனங்கள் அதே வடிவில் செய்து விற்கும் புதிய பிரதிப் பாகம் மூன்றாவது. இதைத்தான் நாங்கள் "தைவான் சாமான்", "சைனா சாமான்" என்கிறோம். அதிகப் பணம் வீணாவது மூன்றாவதில்தான். அதற்குப் பாகத்தின் தரம் மட்டுமே காரணமன்று; வாங்கும் நம்முடைய அவசரத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் தம்முடைய வேகன் ஆர் வாகனத்துக்குப் புதிய பஃபர் ஒன்றை வாங்கி, பெயின்ற் அடித்து, மினுமினுக்கப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். பூட்டிப் பார்த்தோம். வலப்பக்கம் மட்காட்டோடு உரசியது. இடப்பக்கத்தில் என் சின்னவிரல் நுழையும் அளவுக்கு வெளி விழுந்தது. கிளிப் போகவேண்டிய துளை, அதன் இடத்திலிருந்து ஒரு நக அகலம் தள்ளி நின்றது.

"சேர், பெயின்ற் அடிக்க முதல் ஒருக்கா வைச்சுப் பாத்தனீங்களோ?"

"இல்லைத் தம்பி. பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருந்தது. நேர பெயின்ற்காரரிட்டக் குடுத்திட்டன்."

விற்ற கடைக்குத் தொலைபேசி எடுத்தபோது, பெயின்ற் அடித்த சாமானைத் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். அந்தப் பதிலில் எனக்குக் கோபம் வந்தாலும், அதற்குச் சட்டத்தில் ஓரளவு இடம் இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, விவரித்து விற்கப்பட்ட பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். பெறப்பட்ட பொருளைச் சோதித்துப் பார்ப்பதற்கு வாங்கியவருக்கு நியாயமான வாய்ப்பும் உண்டு. ஆனால் பொருளைத் தம்முடையதாகவே கையாளத் தொடங்கிவிட்டவர் அதை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்படுவார். அதன் பின் பொருளை நிராகரிக்கும் உரிமை போய், நட்ட ஈடு கேட்கும் வழி மட்டுமே மிஞ்சும். பெயின்ற் அடிப்பது, துளை போடுவது, ஓரத்தை வெட்டுவது எல்லாம் அப்படியான செயல்களே. ஆகவே இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் எதை மன்னித்தாலும், பொருத்திப் பார்க்காமல் பூசுவதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பொருத்திப் பார்ப்பது என்றால் பஃபரை முன்னால் பிடித்துக்கொண்டு தூர நின்று பார்ப்பதன்று. இரண்டு ஹெட் லைட்டும், கிறிலும், பொக் லைட் இருந்தால் அதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். ஆணிகள் எல்லாவற்றையும் கைவிரலால் பாதி முறுக்கி, பொனட்டை மூடி, அதன் பிறகே இடைவெளிகளைப் பார்க்க வேண்டும். இடைவெளி எத்தனை மில்லிமீற்றர் என்பதைவிட, அது தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவாக ஓடுகிறதா என்பதும், இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்பதுமே முக்கியம். ஒரு பக்க ஆணியை இறுக்கியதும் மறுபக்கம் எழும்பினால் அங்கேயே நிறுத்திப் படம் எடுங்கள். பலவந்தமாக இழுத்து இறுக்கினால் இன்று பொருந்தியது போலத் தெரியும், கிரவல் ஒழுங்கையில் சில நாள் ஓடியதும் கிளிப் உடைந்து தொங்கும்.

பிரதிப் பாகம் ஏன் பொருந்தாமல் போகிறது என்பதை அறிந்திருந்தால் கடைக்காரரோடு பேசுவது எளிது. பெரும்பாலான பஃபர்கள் பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக்கால் ஆனவை. அது அச்சில் உருகிய நிலையில் ஊற்றப்பட்டு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று, சிலவேளை அதற்கும் மேலாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கணக்கிட்டே அச்சைப் பெரிதாகச் செய்கிறார்கள். 1600 மில்லிமீற்றர் நீளமான பஃபரில் அந்தக் கணக்கு அரை வீதம் பிசகினாலும் 8 மில்லிமீற்றர் வித்தியாசம் வந்துவிடும். மூல வரைபடம் கையில் இல்லாமல் ஏற்கெனவே உள்ள ஒரு பாகத்தை அளந்து அச்சுச் செய்பவருக்கு இந்தப் பிசகு எளிதில் நேரும். ஆறும் முன்பே அச்சிலிருந்து இழுத்தால் பாகம் கோணும்.

இங்கேதான் பழைய பஃபர் உதவுகிறது. அது எவ்வளவு உடைந்திருந்தாலும் புதியது பூட்டி முடியும்வரை எறியாதீர்கள். இரண்டையும் சாக்கின்மேல் பக்கம் பக்கமாகக் கிடத்தி, ஆணித் துளைகளுக்கு இடையிலான தூரத்தை ரேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். தூரம் ஒத்திருந்து வளைவு மட்டும் பிழைத்திருந்தால், அது பெரும்பாலும் பஸ்ஸிலோ களஞ்சியத்திலோ மடங்கிக் கிடந்ததால் வந்தது. வாகனத்தில் தளர்வாகப் பூட்டி நம் ஊர் வெயிலில் ஒரு பகல் விட்டாலே பெரும்பாலும் திரும்பிவிடும். துளைகளின் தூரமே பிழைத்திருந்தால் வெயிலும் உதவாது, சுடுநீரும் உதவாது. அது அச்சின் குறை, திருப்பிக் கொடுக்க வேண்டியது.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். "உங்கட வாகனம்தான் கோணியிருக்கு" என்று கடைக்காரர் சொல்வது எப்போதும் சாட்டன்று. ரேடியேற்றரைத் தாங்கும் முன் பனல் ஒரு விரல் பின்வாங்கியிருந்தால் ஒரிஜினல் பஃபரும் பொருந்தாது. பொனட் திறந்த நிலையில் முன்பக்கத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை ஒத்திராவிட்டால் முதலில் தகட்டை நேராக்கும் டிங்கரிங் வேலையை முடிக்க வேண்டும்.

அடுத்த தவறு, வாகனத்தின் ஆண்டை மட்டும் சொல்லிச் சாமான் கேட்பது. பதிவுப் புத்தகத்தில் உள்ள பதிவு ஆண்டு வேறு, தயாரிப்பு ஆண்டு வேறு. ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடி வந்த வாகனத்தில் இந்த இடைவெளி பெரிது. டொயோட்டா அக்சியோவின் முகம் 2015இலும் மறுபடி 2017இலும் மாறியது. வேகன் ஆர் ஒரே ஆண்டில் தயாரானதாக இருந்தாலும், சாதாரண வகைக்கும் ஸ்டிங்கிரே வகைக்கும் பஃபரும் லைட்டும் வெவ்வேறு. எனவே செசி இலக்கத்தையும், வாகனத்தில் பதித்துள்ள தகட்டின் படத்தையும் அனுப்பிக் கேளுங்கள். மொடல் குறியீடும் நிறக் குறியீடும் அந்தத் தகட்டிலேயே இருக்கின்றன. டொயோட்டாவில் 040 என்றால் சாதாரண வெள்ளை; 070 என்றால் மூன்று படையாகப் பூசவேண்டிய முத்து வெள்ளை. இதைக் கவனிக்காமல் இரண்டையும் வெறும் "வெள்ளை" என்று விலை பேசியவர்கள் இடைநடுவில் கூடுதல் பணம் தேடி ஓடியிருக்கிறார்கள்.

ஹெட் லைட் விடயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், ஏனென்றால் அது எதிரே வருபவரின் உயிரோடு சம்பந்தப்பட்டது. நாம் இடப்பக்கத்தில் ஓடுகிறோம். வலப்பக்கத்தில் ஓடும் நாடுகளுக்கெனச் செய்யப்பட்ட லைட், தாழ்ந்த வெளிச்சத்தின் உயர்ந்த பகுதியை வலப்புறமாக, அதாவது எதிரே வருபவரின் கண்ணிலேயே வீசும். தெருவிளக்கு இல்லாத ஏ9இல், எதிரே சைக்கிளில் வருபவருக்கு அந்த ஒரு கணம் போதும். ஐரோப்பிய ஒழுங்குக்கு ஏற்பச் செய்த லைட்டின் கண்ணாடியில், வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். அதன் அருகே, லைட்டை முகத்துக்கு நேரே பார்க்கும் நமக்கு வலப்புறம் காட்டும் அம்புக்குறி ஒன்று இருந்தால் அது இடப்பக்க ஓட்டத்துக்கானது. அம்பே இல்லையென்றால் அது வலப்பக்க நாடுகளுக்கானது, வாங்காதீர்கள். ஜப்பான் உள்நாட்டு வாகனத்திலிருந்து கழற்றிய லைட் இடப்பக்க ஓட்டத்துக்கே செய்யப்பட்டது என்பதால், உடையாத பழைய ஒரிஜினல் கிடைத்தால் புதிய பிரதியைவிட அதையே நான் தேர்வேன்.

பொனட்டுக்கு இரண்டு சோதனைகள் போதும். துணியில் தின்னர் நனைத்து உட்பக்கக் கறுப்புப் பூச்சைத் தேயுங்கள். முறையான அடிப்பூச்சு என்றால் துணியில் ஒட்டாது. கரைந்து வந்தால் அது பயணத்தில் துருப்பிடிக்காமல் அடித்த வெறும் பூச்சு, அதை முழுதாக உரித்துப் பிரைமர் அடித்த பிறகே நிறம் பூச வேண்டும். வெளித்தகடும் உள்தகடும் மடிந்து சேரும் ஓரத்தில், ஈரம் புகாமல் அடைக்கும் சீலர் ஓடியிருக்கிறதா என்றும் பாருங்கள். முல்லைத்தீவு, கொக்கிளாய் போன்ற கடலோர ஊர்களில் துரு அந்த மடிப்பிலிருந்துதான் தொடங்கும். லொக் கொக்கியை மட்டும் பிரதிப் பாகமாக வாங்கவே வேண்டாம்; ஓடும்போது பொனட் எழுந்து கண்ணாடியை மறைத்தால் ஓட்டுநரால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

பெயின்ற் தோல்போல உரிவதும் அடிக்கடி வரும் முறைப்பாடு. பஃபரின் உட்பக்கத்தில் பீ.பீ. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பொலிபுரொப்பிலீன். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்குத் தடவிய வழுக்குப் பூச்சு அதன் மேல் இருக்கக்கூடும். சவர்க்கார நீரால் கழுவி, பிளாஸ்ரிக்குக்கான தனிப் பிரைமர் அடிக்காவிட்டால் எந்தப் பெயின்ற்றும் அதில் நிற்காது. இது பாகத்தின் குறையன்று, பூசியவரின் குறை. கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் இதை நிதானித்துக்கொள்ளுங்கள்.

பாகம் தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறதென்றால், கட்டு அவிழ்ப்பதைத் தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. அதில் "பஃபர் 1" என்று மட்டும் எழுத விடாமல், மொடல் குறியீடு, புதியதா பழையதா, ஒரிஜினலா பிரதியா என்பவற்றையும், பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதத் தயங்குகிற கடையில் நான் வாங்குவதில்லை. குறை தெரிந்தால் அன்றே கடைக்கு அறிவித்து, படங்களை அனுப்பி, பாகத்தை மேலும் தொடாமல் வையுங்கள். கடை மறுத்தால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம். முறைப்பாட்டை, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

ஆசிரியரின் பஃபருக்குப் பற்றுச்சீட்டும் இல்லை, படமும் இல்லை. ஆனால் பழைய பஃபரை அவர் எறிந்திருக்கவில்லை. வீட்டுக் கோழிக்கூட்டின் பின்னால் சாய்த்து வைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை அதைக் கொண்டுவரச் சொல்லி, வெடிப்புகளை அதே வகைப் பிளாஸ்ரிக் கம்பியால் உருக்கி ஒட்டி, உட்பக்கத்தில் வலை வைத்துப் பலப்படுத்தி, கழுவி, பிரைமர் அடிக்கும் முன்னரே வாகனத்தில் பூட்டிப் பார்த்தோம். மட்காட்டோடு சேரும் இடம் இரு பக்கமும் ஒரே கோடாக ஓடியது. புதிய பஃபருக்குக் கொடுத்ததில் கால்வாசியும் அதற்குச் செலவாகவில்லை.