தட்டைப்பயற்றை வண்டு அரிக்கும், ராஜ்மாவை ஏன் விடுகிறது?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிவந்த தட்டைப்பயற்றை ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பாருங்கள். தோலில் உப்புத்துகள் போல வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. நம் ஊர்ச் சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஒரே மாதத்தில் பயற்றில் வட்ட ஓட்டை விழுந்து, டப்பாவின் அடியில் மாவு சேர்ந்துவிடும். வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறை அலமாரியில் நானே இரண்டு கிலோவைப் பறிகொடுத்தவள்.

அதே அலமாரியில் இருந்த ராஜ்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் ஒரு புரதம் இருக்கிறது. மாவுச்சத்தைச் செரிக்க வண்டுப் புழுவின் குடலில் சுரக்கும் அமைலேஸ் நொதியை அது பிடித்து முடக்கிவிடும். வயிறு நிறையத் தின்றும் புழு பட்டினியில் சாகும்! பட்டாணிச் செடிக்குள் இந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவைச் செலுத்தியபோது பட்டாணியும் இந்த வண்டுகளிடமிருந்து தப்பியது. ஆனால் மெக்சிகோ அவரை வண்டு என்று ஒன்று உண்டு, அது இந்தப் புரதத்தையே செரித்துவிடும். பலே ஆள்.

பயறு வண்டுக்குப் பயந்து என்றால், ஃப்ரீசரில் இருக்கும் கொஞ்ச இடத்தை ராஜ்மாவுக்குக் கொடுக்காதீர்கள். தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலையை வாங்கியதும் பையோடு மைனஸ் 18 டிகிரியில் 4 நாள் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், வியர்த்துவிடும். சூடு ஆறுவது போலக் குளிர் ஆறட்டும், பிறகு டப்பாவில் கொட்டலாம்.

ராஜ்மாவை மட்டும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டே வேகவையுங்கள். ஸ்லோ குக்கரில் நேராகப் போட்டால் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வயிற்றைக் கலக்கிவிடும்.