கிராமப் பள்ளி, நகரப் பள்ளி மதிப்பெண்களை ஒப்பிடுவது எப்படி?

தேர்வு முடிவு வந்ததும் "நகரப் பள்ளிகள் முன்னிலை, கிராமப் பள்ளிகள் பின்தங்கின" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை நம்பி ஆசிரியரைத் திட்டுகிறார்கள், பிள்ளையைப் பள்ளி மாற்றுகிறார்கள், சில இடங்களில் பள்ளியையே மூடிவிடுகிறார்கள். இப்படி ஒரு ஒப்பீட்டை நீங்கள் படித்தாலும் சரி, நீங்களே தயாரித்தாலும் சரி, கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலில், எதைக் கிராமம் என்று வைத்திருக்கிறார்கள்? 2000ஆம் ஆண்டிலிருந்து 15 வயது மாணவர்களுக்கு நடக்கும் பன்னாட்டு பீசா தேர்வில், 3,000 பேருக்குக் குறைவாக வாழும் இடம்தான் கிராமம். ஒரு லட்சத்தைத் தாண்டினால் நகரம், இடையில் சிற்றூர்களும் நடுத்தர ஊர்களும் தனியாக வருகின்றன. வேறொரு ஆய்வு அந்த இடைப்பட்ட ஊர்களையெல்லாம் கிராமக் கணக்கில் சேர்த்திருக்கலாம். வரையறை தெரியாமல் இரண்டு ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அடுத்து, தேர்வு எழுதியவர்கள் யார் என்று கேளுங்கள். ஒரு பள்ளியில் 100 பேர் சேர்ந்து, நடுவில் பலர் நின்றுபோய், 60 பேர் தேர்வு எழுதி 54 பேர் தேறினால் தேர்ச்சி 90 சதவீதம். இன்னொன்றில் 100 பேரில் 95 பேர் எழுதி 80 பேர் தேறினால் 84 சதவீதம்தான். முதல் பள்ளி நல்ல பள்ளியா? சேர்ந்த பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் 54, 80. இடைநின்றவர்களைக் கணக்கில் எடுக்காத தேர்ச்சி விகிதத்தை நான் நம்புவதே இல்லை. இந்தியாவின் ஏசர் ஆய்வு வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதிப்பதில் இந்த நன்மை இருக்கிறது, பள்ளிக்கு வராத பிள்ளையும் கணக்கில் வந்துவிடும். ஆனால் அது பெரும்பாலும் கிராமப்புறத்தை மட்டுமே பார்க்கிறது, நகரத்தோடு ஒப்பிட அது உதவாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வீட்டு நிலை. குடும்பப் பின்னணிக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள நெருக்கத்தை அமெரிக்கப் பள்ளிகளில் சமவாய்ப்பு இருக்கிறதா என்று ஆராய்ந்த கோல்மன் அறிக்கை 1966லேயே பெரிய அளவில் காட்டிவிட்டது. பெற்றோர் எதுவரை படித்தார்கள், வீட்டில் புத்தகம் இருக்கிறதா, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பிள்ளையா என்பதை வைத்து, ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வரும் கிராமத்துப் பிள்ளையையும் நகரத்துப் பிள்ளையையும் ஒப்பிடுங்கள். அப்படிச் செய்தால் பல நாடுகளில் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. இடைவெளி எப்போதும் ஒரே பக்கம் சாய்வதும் இல்லை. பள்ளி மாணவர்களின் கற்றலை நாடு முழுவதும் அளக்கும் அமெரிக்காவின் நேப் தேர்வில் பெருநகர மாணவர்களைவிடக் கிராமப்புற மாணவர்களின் சராசரி பொதுவாக மேலே இருந்திருக்கிறது, ஆனால் கல்லூரிக்குப் போகும் விகிதம் அவர்களிடம் குறைவு. எதைச் சாதனை என்று அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடையே மாறுகிறது.

சின்னப் பள்ளிகளில் கூடுதல் கவனம் வேண்டும். 12 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தோற்றால் தேர்ச்சி 8 சதவீதத்துக்கு மேல் விழும், 240 பேர் எழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளையால் அரை சதவீதம்கூட மாறாது. அதனால் தான் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறிய பள்ளிகளே அதிகம் தெரியும். ஒரு வருட முடிவை வைத்து எதுவும் சொல்லாதீர்கள், குறைந்தது மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். முடிந்தால் பிள்ளைகள் சேரும்போது எந்த நிலையில் இருந்தார்கள் என்பதையும் எடுங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாமல் வந்த பிள்ளையைச் சராசரிக்குக் கொண்டுவந்த பள்ளி நிறைய வேலை செய்திருக்கிறது, மதிப்பெண் பட்டியலில் அது தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகும் இடைவெளி மிஞ்சினால், அப்போது பள்ளிக்குள் போய்க் காரணம் தேடுங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் தனி ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை மாதமாக இடம் காலியாக இருக்கிறது, ஒரே ஆசிரியர் எத்தனை வகுப்பைச் சேர்த்து நடத்துகிறார், பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடந்து வருகிறார்கள். வருகைப் பதிவேட்டை மாதவாரியாகப் புரட்டினால், விதைப்பு, அறுவடைக் காலங்களிலோ மழை நாட்களிலோ வருகை சரிவது தெரியலாம். கிடைத்ததையெல்லாம் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே பக்கத்தில் எழுதுங்கள், பின்னிணைப்பில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.