பிரம்ம முகூர்த்தம்: அலாரம் வைப்பதற்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

மார்கழி முதல் தேதி விடியலில் கோயில் பிராகாரம் நிறைந்து வழியும். பத்துத் தேதி ஆவதற்குள் அதில் புதுமுகங்கள் பலரைக் காணோம். பக்தி குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். பக்தியில் ஒரு குறையும் இல்லை. பிரம்ம முகூர்த்தத்தில் எழ வருஷா வருஷம் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதே நாலைந்து இடங்களில்தான் சறுக்குகிறார்கள். முன்கூட்டிச் சொல்லத்தான் ஆளில்லை. அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி படுப்பது, எழுந்த கையோடு போனை எடுப்பது எல்லாம் அனைவருக்கும் தெரிந்த விஷயம். அவற்றை விட்டுவிடுவோம்.

“நாலரை மணி” என்று முடிவு கட்டிவிடுவது

பிரம்ம முகூர்த்தத்துக்குக் கடிகாரத்தில் நிலையான நேரம் கிடையாது. சூரிய உதயத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஒரு நாழிகை 24 நிமிஷம், இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிஷம். இரவின் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தையது பிரம்ம முகூர்த்தம். உதயத்துக்கு 96 நிமிஷம் முன்னால் தொடங்கும்; 48 நிமிஷம் முன்னால் முடியும். கடைசி இரண்டு முகூர்த்தங்களையும் சேர்த்தே சொல்கிற வழக்கமும் உண்டு. தொடக்கம் இரண்டு கணக்கிலும் ஒன்றுதான்.

சென்னையில் ஜூன் தொடக்கத்தில் உதயம் 5.42 வாக்கில். அப்போது பிரம்ம முகூர்த்தம் 4.06 முதல் 4.54 வரை. ஜனவரி நடுவில் உதயம் 6.35; முகூர்த்தம் 4.59 முதல் 5.47 வரை. ஒரே ஊரில் ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். கோவையில் உதயம் சென்னையைவிடப் பத்து முதல் இருபது நிமிஷம் பிந்தும். சிங்கப்பூரில் வருஷம் முழுக்க ஏழு மணியை ஒட்டியே விடிகிறது. அங்கே இருந்துகொண்டு மூன்றரைக்கு எழுகிறவர் வீணாக இரண்டு மணி நேரத் தூக்கத்தை இழக்கிறார். லண்டனில் டிசம்பர் கடைசியில் உதயமே எட்டு மணிக்குத்தான்.

இரவின் நீளத்தைப் பதினைந்தாகப் பிரித்து ஒரு பங்கை முகூர்த்தமாகக் கொள்வது இன்னும் நுட்பமான கணக்கு. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் வராது, கவலை வேண்டாம். குளிர்காலத்தில் இரவு பதினாறு மணி நேரம் நீளும் நாடுகளில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். மற்றவர்களுக்குச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். தாளின் ஓரத்தில் “சூ.உ.” என்று போட்டிருக்கும் நேரத்தில் ஒன்றரை மணி நேரமும் ஆறு நிமிஷமும் கழித்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் இன்னொன்று கவனிக்க வேண்டும். நமது ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள். தை முதல் ஆனி வரை அவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு. ஒரு மாதத்துக்கு இரண்டு மணி நேரம் என்று பிரித்தால் மார்கழி அவர்களுடைய நாலிலிருந்து ஆறு மணி. மாதம் முழுவதுமே விடியற்பொழுது என்று கொண்டாடுவது இதனால்தான். ஆனால் நம் கணக்கில் அந்த மாதத்தில் பொழுது தாமதமாகவே விடிகிறது. சென்னையில் மார்கழி பிறக்கும்போது பிரம்ம முகூர்த்தம் தொடங்குவதே 4.46 வாக்கில்தான். கோயிலில் உங்களுக்கு வேறு கைங்கரியம் இல்லையென்றால் நாலு மணி அலாரம் தேவையில்லை.

தூக்கத்தை வெட்டி விடியலை வாங்குவது

எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. மிகவும் விலை கொடுக்க வைப்பதும் இதுதான்.

ராத்திரி பன்னிரண்டரைக்குப் படுக்கிற பழக்கம் அப்படியே இருக்கும். மாற்றுவது அலாரத்தை மட்டும். ஒரு மண்டலம், 48 நாள், நாலு மணிக்கு எழுவேன் என்று சங்கல்பம். கிடைப்பது மூன்றரை மணி நேரத் தூக்கம்.

முதல் வாரம் ஒரே உற்சாகம். தூக்கம் திடீரென்று குறைந்தால் சிலருக்குத் தற்காலிகமாக ஒரு துள்ளல் வரும். அதை “எனர்ஜி ஏறுகிறது” என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது வாரம் ஜபத்தில் எண்ணிக்கை தவறும். ஜபமாலை இரு விரல்களுக்கு நடுவே ஒரு மணியில் அப்படியே நிற்கும். பிறகு மடியில் விழும். கண் திறந்தால் பத்து நிமிஷம் போயிருக்கும். இதைத்தான் “ஆழ்ந்த தியானத்தில் நேரம் போனதே தெரியவில்லை” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கூட இருப்பவர்கள் தலையாட்டிப் பாராட்டுவது இன்னும் எரிச்சல். அது தூக்கம். கடன்பட்ட உடம்பு கிடைத்த இடத்தில் வசூலித்துக்கொள்கிறது.

வித்தியாசத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். தியானம் கூடும்போது கழுத்து நிமிர்ந்தே இருக்கும், மின்விசிறிச் சத்தமும் வெளியே குயில் கூவுவதும் காதில் விழுந்துகொண்டிருக்கும், மந்திரம் அறுபடாது. தூக்கத்தில் தாடை இறங்கும், முகவாய் மார்பில் இடிக்கும், சம்பந்தமே இல்லாத ஒரு காட்சித் துணுக்கு வந்து போகும், திடுக்கென்று ஒரு உதறலோடு விழிப்பு வரும். இந்த நான்கில் இரண்டு இருந்தாலே அன்றைக்கு எழுந்து போய்ப் படுத்துவிடுங்கள்.

மூன்றாவது வாரத்தில் விளைவு வீட்டுக்குள் வரும். சாயங்காலம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது, நாலு டம்ளர் காபி, மதியம் மூன்று மணிக்கு மேஜையில் தலை சாய்வது. இரவின் கடைசிப் பங்கில்தான் கனவுத் தூக்கம் நிறைய வருகிறது. கோபதாபங்களைச் சமன்படுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கைத்தான் வெட்டியிருக்கிறோம். இரண்டு சக்கர வண்டியில் போகிறவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஓரிரு விநாடி கண் செருகினால் போதும்.

கடைசியில் நடப்பதுதான் மனசுக்குக் கஷ்டம். “எனக்கு இதெல்லாம் ஒத்துவரவில்லை” என்று சொல்லி அலாரத்தோடு ஜபத்தையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். சாயங்காலம் விளக்கேற்றிப் பத்து நிமிஷம் உட்காரும் வழக்கம் முன்பு இருந்திருந்தால் அதுவும் போய்விடுகிறது.

மரபு எங்கேயும் இப்படிச் சொல்லவில்லை. பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொல்லும் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் அதை ஆரோக்கியமாக இருப்பவருக்குத்தான் சொல்கிறது. இன்னொரு ஆயுர்வேத நூலான அஷ்டாங்க சங்கிரகம், இரவு உண்டது செரித்ததா என்று பார்த்து எழச் சொல்கிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் மடத்துக் கிறிஸ்தவத் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கிலும் அதே அக்கறை இருக்கிறது: குளிர்காலத்தில் நடுராத்திரி தாண்டியும் தூங்கி, உணவு செரித்த பிறகு எழ வேண்டும், இரவு ஜெபம் முடிந்தால் பேச்சே கூடாது. இஸ்லாத்தில் இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பிறகு வெட்டிப் பேச்சில் உட்கார்ந்திருப்பதை நபிகள் நாயகம் விரும்பவில்லை. தஹஜ்ஜுத் என்னும் பின்னிரவுத் தொழுகைக்கு எழ நினைப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். நம் கோயில்களையே பாருங்கள். மதுரையில் தினமும் இரவு சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் பள்ளியறைக்குக் கொண்டுபோய், பூஜை முடித்து, நடை சாத்துகிறார்கள். அதற்கப்புறம்தான் மறுநாள் பள்ளியெழுச்சி. தெய்வத்துக்கே படுக்கும் நேரம் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கணக்கை ராத்திரியில் தொடங்குங்கள். மார்கழியில் 4.45க்கு எழ வேண்டும், ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றால் 9.45க்குத் தூங்கியிருக்க வேண்டும். 9.30க்குப் படுக்கை. 7.30க்குள் சாப்பாடு, அதுவும் இட்லி, இடியாப்பம், கஞ்சி மாதிரி லேசாக. எட்டரைக்குக் கூடத்துப் பெரிய விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன மஞ்சள் விளக்கு போதும். இரவு வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும். காலை வெளிச்சம் முன்னால் இழுக்கும். அதனால் விடிந்ததும் வாசலிலோ மொட்டை மாடியிலோ கால் மணி நேரம் நின்று வாருங்கள்.

பன்னிரண்டரையிலிருந்து ஒன்பதரைக்கு ஒரே தாவலில் வர முடியாது. மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம், படுக்கையையும் எழுவதையும் சேர்த்தே நகர்த்துங்கள். மூன்று மணி நேரத்தை நகர்த்தப் பன்னிரண்டு படி, 36 நாள். மார்கழி டிசம்பர் 16 வாக்கில் பிறக்கிறது. நவம்பர் 10, ஐப்பசிக் கடைசி வாரத்தில் தொடங்கினால் சரியாக இருக்கும். மதியம் கண் சொக்கினால் இருபது நிமிஷம் படுக்கலாம், மூன்று மணிக்கு மேல் வேண்டாம்.

வீட்டில் இன்னொரு அநியாயம் நடக்கிறது. மற்றவர்கள் ஒன்பதரைக்குப் படுத்துவிடுவார்கள். வீட்டுப் பெண்மணி பத்தரை வரை பாத்திரம் துலக்கி, மாவு எடுத்து வைத்து, எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். ஒருத்தியின் தூக்கத்தை எடுத்துக்கொண்டு குடும்பம் புண்ணியம் சேர்க்கக் கூடாது. இரவுப் பாத்திரங்களை ஜபம் செய்யப் போகிறவர்கள் கழுவட்டும். விரதத்தின் முதல் அங்கம் அதுதான்.

மூன்று மணிக்கு வரும் முழிப்பை அழைப்பு என்று நம்புவது

தினமும் மூன்று மணிக்குத் தானாக விழிப்பு வருகிறது, பிரபஞ்சம் ஏதோ சொல்கிறது என்று பலர் நம்புகிறார்கள். மூன்றிலிருந்து ஐந்து வரை நுரையீரல் நேரம் என்று சித்தர்கள் சொன்னதாகவும் ஒரு செய்தி சுற்றுகிறது. அந்த உறுப்புக் கடிகாரம் சீன மருத்துவத்தைச் சேர்ந்தது.

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்றாகத்தான் தூக்கம் போகிறது. சுற்றுகளுக்கு நடுவில் சிறு விழிப்பு எல்லோருக்கும் உண்டு. பின்னிரவுத் தூக்கம் மெல்லியது என்பதால் அந்த நேர விழிப்பு நினைவில் தங்குகிறது; கடிகாரத்தைப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தங்கும். பார்க்காதீர்கள். இருபது நிமிஷம் புரண்டும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் நாமம் சொல்லுங்கள், கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள்.

சிறுநீருக்காக எழுகிறீர்கள் என்றால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். வயதான ஆண்கள் பிராஸ்டேட்டையும் பார்க்க வேண்டும். பெரிய குறட்டை, மூச்சுத் திணறலோடு விழிப்பு, நெஞ்செரிச்சல், இரவில் மது, இவை ஒவ்வொன்றும் ஒரு காரணம். விடியலுக்கு வெகு முன்னால் விழித்து, மறுபடி தூங்க முடியாமல், மனசு கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போகிறதா? அது மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். அதைத் தெய்வ சங்கேதம் என்று சொல்லி ஒருவரைக் காக்கவைப்பது பாவம்.

ஓசோனுக்காக மொட்டை மாடிக்குப் போவது

விடியலில் ஓசோனும் ஆக்ஸிஜனும் அதிகம் என்று அடித்துச் சொல்வார்கள். காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம், நடுப்பகலிலும் அவ்வளவுதான். தரைமட்ட ஓசோன் வெயிலில் உண்டாவது, மூச்சுக்குக் கெடுதலானது. இருட்டில் மரங்களும் நம்மைப்போல் கரியமில வாயுவைத்தான் வெளியிடுகின்றன. குளிர்கால விடியலில் நகரத்துப் புகை மேலே எழும்பாமல் தரையோடு தங்கிவிடும். போகி அன்று சென்னையில் வெளியே நின்று பிராணாயாமம் செய்வதைவிட ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவது நல்லது. அந்த நேரத்தின் உண்மையான லாபம் அமைதி. யாரும் கூப்பிட மாட்டார்கள், தெருவில் வண்டி இல்லை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குழந்தைகளை இழுத்து எழுப்புவது

வேண்டாம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும்.

இரவுப் பணியில் இருப்பவர்கள்

தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு வேலையிலிருந்து வந்து விழித்திருப்பது விரதம் ஆகாது. கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்க்கும் இதே பதில்.

சுப்ரபாதத்தைத் தெருவுக்கே வைப்பது

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. பக்கத்து வீட்டு நோயாளிக்கும் அது தூங்கும் நேரம்.

எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் எழுவது

ஆயத்தம் முந்தின இரவிலேயே முடிந்திருக்க வேண்டும். விளக்கைத் துடைத்து, திரியைப் போட்டு, நல்லெண்ணெயில் ஊறவிட்டு, தீப்பெட்டியை அருகில் வைத்துவிடுங்கள். காய்ந்த திரியை விடியலில் போட்டால் புகைந்து புகைந்து அணையும். அதோடு மல்லுக்கட்டுவதில் மனசு கலைந்துவிடும். இரவெல்லாம் ஊறிய திரி ஒரே குச்சியில் பிடிக்கும். ஏற்றிய விளக்கை விட்டுவிட்டுப் போய்ப் படுக்காதீர்கள். திரைச்சீலை, பிளாஸ்டிக் மாலை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

48 நிமிஷத்தை இப்படிப் பிரிக்கலாம்: கழிவறை, பல் துலக்குவது, கை கால் முகம் கழுவுவது 12 நிமிஷம், விளக்கு 3, மூச்சைச் சீராக்குவது 5, ஜபம் 20, நாளைப் பற்றிய சிந்தனை 8. குளித்துவிட்டுத்தான் உட்காருவேன் என்பவர்கள் கால் மணி நேரம் முன்னால் எழ வேண்டும், படுக்கையும் கால் மணி முன்னால். இதய நோயாளிகளும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் குளிர்ந்த நீரைத் தலையில் கொட்டிக்கொள்ளக் கூடாது, வெந்நீர் தப்பில்லை. பாயோ பலகையோ போட்டு, முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். கட்டிலில் சாய்ந்தபடி ஜபம் நிற்காது. நிதானமாகச் சொன்னால் 20 நிமிஷத்தில் ஐந்தெழுத்து நாலு மாலை (ஒரு மாலைக்கு 108 முறை) ஆகும், காயத்ரி ஒரு மாலை ஆகும். சந்தியாவந்தனம் செய்பவர்களுக்கு அதற்கப்புறம் உதயம் வரை இன்னொரு 48 நிமிஷம் இருக்கிறது. நட்சத்திரங்கள் தெரியும்போதே தொடங்குவது உத்தமம்.

அந்தக் கடைசி 8 நிமிஷத்தைப் பலர் தள்ளிவிடுகிறார்கள். பழைய நீதிநூலான ஆசாரக்கோவை வைகறையில் எழுபவருக்குச் சொல்வது அதைத்தான்: அன்று செய்ய வேண்டிய அறத்தையும், ஈட்ட வேண்டிய பொருளையும் எண்ணிப் பார், பிறகு தாய் தந்தையைத் தொழு. அதனால் ஜபம் முடிந்ததும் இன்றைக்கு யாருக்கு என்ன செய்ய வேண்டும், எந்த வேலையை முடிக்க வேண்டும் என்று ஒன்றிரண்டைத் தீர்மானியுங்கள். பெற்றோர் ஊரில் இருந்தால் விடிந்த பிறகு ஒரு போன்.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக ஜபம் செய்ய வேண்டியதில்லை. வழக்கமான எண்ணிக்கையே போதும். அன்று ராத்திரி மட்டும் ஒன்பதரையைத் தவற விடாதீர்கள்.