பாய்மரம் ஏற முன்

ஏறத்தான் வேணுமா என்று முதலில் பாருங்கள். பொல்கொட ஏரியில் ஓடுகிற என்டர்பிரைஸ், ஜி.பி.14 மாதிரியான சின்னப் பாய்ப்படகில் உச்சிக் கப்பி இறுகிவிட்டால் மரத்தைக் கழற்றிப் புல்லில் கிடத்துங்கள், வேலை சுருக்காய் முடியும். அந்தப் படகின் மரத்தில் ஆள் ஏறினால் படகு ஆளோடு சேர்ந்து கவிழும். நான் இங்கே சொல்லப்போவது 30 அடிக்கு மேற்பட்ட, அடியில் ஈயமோ இரும்போ வைத்துக் கட்டிய யாட்டுகளைப் பற்றி. 40 அடி யாட் என்றால் மரத்தின் உச்சி தண்ணீரிலிருந்து 17, 18 மீற்றர் வரும்.

அந்தப் பெரிய யாட்டிலும் மரத்தைத் தாங்குகிற கம்பியிலேயே சந்தேகம் என்றால் ஏறாதீர்கள். அலுமினிய மரம் தன் பலத்தில் நிற்பதில்லை. முன்னும் பின்னும் பக்கங்களிலும் கம்பிகள் இழுத்துப் பிடித்திருப்பதால் நிற்கிறது. கீழே டெக்கில், அதாவது படகின் மேல்தளத்தில், நின்றே கம்பிகளின் அடி நுனிகளைப் பாருங்கள், மேல் நுனிகளைத் தொலைநோக்கியால் பாருங்கள். கம்பியைக் கவ்வியிருக்கிற உலோகக் குழாயில் மயிரளவு வெடிப்பு, 19 இழையில் ஓர் இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருப்பது, துருக் கசிந்த கோடு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மரத்தை இறக்கக் கிரேனுக்குச் சொல்லும்படி முதலாளியிடம் சொல்லுங்கள். துருப்பிடிக்காத இரும்பு என்று பெயர்தான். நம்முடைய சூட்டிலும் உப்பிலும் அது குழாய்க்குள்ளேயே ஒளிந்திருந்து அரிக்கும்.

கொழும்பில் இந்த வேலைக்கு நல்ல நேரம் விடியற்காலை. ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் இறங்கிவிடலாம். அதற்குப் பிறகு கடற்காற்று எழும்பும், வெயில் ஏறிய அலுமினியத்தைத் தொடையால் அணைக்கவும் முடியாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் வரும் என்று இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும். தூரத்தில் ஒரு முழக்கம் கேட்டாலும் அன்றைக்கு மரம் இல்லை. துறைமுகத்துக்குள் கட்டிக்கிடக்கிற படகு ஆடாது என்றும் நம்பாதீர்கள். இழுவைப் படகு ஒன்று பக்கத்தால் போனால் யாட் ஐந்து பாகை சரியும். டெக்கில் நிற்பவருக்கு அது ஒன்றுமில்லை. 15 மீற்றர் உயரத்தில் இருப்பவர் 1.3 மீற்றர் வெளியே போய், திரும்பி வந்து மரத்தில் அடிபடுவார்.

இனிக் கயிறு. இரண்டு கயிறு வேண்டும்: ஒன்று தூக்க, மற்றது முதலாவது போனால் பிடிக்க. ஒரு கயிற்றில் ஏறுகிற பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். "முப்பது வருசமா இப்பிடித்தான் தம்பி" என்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம், அவர்கள் படகில் ஏறவும் வேண்டாம்.

தூக்குகிற கயிறாக நான் எடுப்பது மெயின் ஹாலியார்ட், அதாவது பெரிய பாயை ஏற்றி இறக்குகிற கயிறு. அது மரத்தின் உச்சிக்குள் பதித்த சில்லின் மேலால் வருகிறது. முன்னால் பலூன் மாதிரி விரிகிற ஸ்பின்னேக்கர் பாயின் ஹாலியார்ட் பல யாட்டுகளில் உச்சிக்கு வெளியே ஒரேயொரு ஷேக்கிள் வளையத்தில் தொங்குகிற கப்பியால் வரும். அதைத் துணைக்கயிறாக வைக்கலாம், முதல் கயிறாக வைக்கக்கூடாது. இரண்டையும் முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். பாய் ஏறியிருக்கும்போது சில்லின் மேல் கிடக்கிற பகுதி, அதாவது ஷேக்கிள் நுனியிலிருந்து முதல் ஒன்றிரண்டு முழம், எல்லாவற்றுக்கும் முன்னம் தேயும். நீங்கள் முடிச்சுப் போடப்போவதும் அந்த இடத்தில்தான். உறை தேய்ந்து உள்நார் தெரிந்தால் அவ்வளவையும் வெட்டி எறியுங்கள்.

புதுக் கயிறு வாங்குவதென்றால் பழைய சோனகத் தெருவில் பச்சையும் நீலமுமாகச் சுருள் சுருளாய்த் தொங்குகிறதே பொலிப்ரொப்பிலீன், அது வேண்டாம். வெயிலில் பொடியாகும், கயிற்றைச் சுற்றி இழுக்கிற உருளையான வின்ச்சில் உராய்ந்தால் உருகும். நைலோன் இழுபடும், மேலே இருக்கிறவர் ஒவ்வொரு அசைவுக்கும் துள்ளிக்கொண்டிருப்பார். இழுபடாத பொலியெஸ்டர் பின்னல் கயிறு, 10 அல்லது 12 மில்லிமீற்றர், அதுதான் ஆளுக்கு.

இருக்கைக்கு ‘போசன் செயார்’ என்கிற துணிக்கதிரை நல்லது. பக்கங்கள் உயர்ந்ததாக, முதுகுக்குப் பட்டி உள்ளதாகப் பாருங்கள். ஒரு பலகையில் நாலு துளை போட்டுக் கயிறு கோத்த பழைய கதிரையில் நெடுநேரம் வசதியாக இருக்கலாம், ஆனால் மயங்கினால் வழுக்கி விழுவீர்கள். மலையேறுபவர்களின் ஹார்னஸ் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு மேலே துணிக்கதிரையில் இருங்கள். தூக்குகிற கயிறு கதிரைக்கு, துணைக்கயிறு ஹார்னஸுக்கு. ஹாட்வெயார் கடைகளில் கட்டட வேலைக்கு விற்கிற முழு உடல் பெல்ட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதன் பெரிய வளையம் முதுகில் இருக்கும், விழுகிறவரைப் பிடிக்கச் செய்தது. அதில் தொங்கினால் முகம் மரத்துக்குத் திரும்பாது, கைக்கு வேலை எட்டாது. நெஞ்சிலும் வளையம் உள்ளதாக வாங்கினால் துணைக்கயிற்றுக்கு நன்றாக உதவும்.

ஹாலியார்டின் நுனியில் இருக்கிற ஸ்னாப் ஷேக்கிளில் தொங்காதீர்கள். அது பாய்க்குச் செய்தது. அதைப் பூட்டுகிற ஊசியில் ஒரு நூல் கொளுவி இழுபட்டாலும் வாய் திறக்கும். கயிற்றையே கட்டுங்கள்: கதிரையின் இரண்டு வளையத்துக்குள்ளாலும் ஒன்றாக விட்டு, மூன்று விரல் போகிற அளவு கண் வைத்துப் போலைன் முடிச்சு, பிரி பிரியாக இழுத்து இறுக்கி, இரண்டு சாண் வால் விட்டு, அந்த வாலால் கண்ணின் பக்கத்தில் இன்னொரு முடிச்சு. கண்ணைப் பெரிதாக விட்டால் போலைன் முதலில் சில்லில் போய் முட்டும். நீங்கள் உச்சிக்கு ஒரு முழம் கீழே, லைட்டைப் பார்த்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான். டைனீமா என்கிற வழுவழுப்பான செயற்கை நாரில் செய்த, உறையில்லாத கயிற்றில் போலைன் வழுக்கும், அதில் இந்த வேலையே வேண்டாம்.

கட்டியதும் டெக்கிலிருந்து ஒரு மீற்றர் மட்டும் தூக்கச் சொல்லி, அங்கே தொங்கிக்கொண்டே இரண்டு மூன்று தரம் பலமாகக் குதியுங்கள். பிறகு துணைக்கயிற்றில் முழுப் பாரத்தையும் கொடுத்து அதையும் அப்படியே சோதியுங்கள். எது போவதென்றாலும் இங்கே போகட்டும்.

கீழே நிற்கிறவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் பேசுவேன். எனக்கு வின்ச் பிடிக்கிற அய்யா மோதரையில் ட்ரோலரில் வேலை செய்தவர். குறைவாகப் பேசுவார், போனைக் கீழே அறையில் வைத்துவிட்டு வருவார். அந்த இரண்டு குணமும் போதும். துணைக்கயிற்றுக்கு இன்னொருவர், வேறு வின்ச்சில். ஒருவரே இரண்டையும் பார்ப்பது நடக்காத காரியம்.

வின்ச்சில் நாலு சுற்று. வாலை எப்போதும் ஒரு கை பிடித்திருக்க வேண்டும். தானாகக் கவ்வுகிற தாடை உள்ள வின்ச் என்றாலும் அந்தத் தாடையை நம்பி விடக்கூடாது. கயிற்றை நெரித்துப் பிடிக்கிற கிளச் இருந்தால் ஏற்றும்போது அதை மூடியே வையுங்கள், கயிறு ஒரு பக்கம் ஓடும், பின்னுக்கு வராது. ஆனால் தேய்ந்த கிளச் ஆள் பாரத்தில் மெல்ல நழுவும், ஆகவே அதை மட்டும் நம்பி ஆளைத் தொங்கவிடக் கூடாது. ஆள் வேலை செய்கிற உயரத்துக்குப் போனதும் வின்ச் சுற்றோடு வாலை இரண்டு கொம்புள்ள கிளீட்டில் எட்டு வடிவில் கட்டி, கைபிடியைக் கழற்றி எடுத்து வையுங்கள். துணைக்கயிறு ஒரு முழத்துக்கு மேல் தொய்யாமல் கூடவே வர வேண்டும். மின்சார வின்ச் வேண்டவே வேண்டாம். உங்கள் பாதம் ஸ்ப்ரெடரின் (மரத்தின் இரண்டு பக்கமும் நீட்டி நிற்கிற கையின்) கீழ் மாட்டினால் மனிதக் கைக்கு அது தெரியும், மோட்டருக்குத் தெரியாது; அது இழுத்துக்கொண்டே போகும்.

பேச்சை முதலே ஒழுங்கு செய்யுங்கள். எங்கள் படகுகளில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் சிங்களம். மேலிருந்து காற்றோடு வரும்போது ‘சரி’யும் ‘ஹரி’யும் ஒன்றாகக் கேட்கும், இரண்டுக்கும் ‘வேலை முடிந்தது’ என்றும் பொருள் வரும், ‘இறக்கு’ என்றும் வரும். இரண்டையும் தடை செய்துவிட்டோம். கைதான்: பெருவிரல் மேலே என்றால் ஏற்று, கீழே என்றால் இறக்கு, மூடிய முட்டி என்றால் நில். கை தெரியாவிட்டால் எதுவும் அசையக்கூடாது.

ஏற முன் ரேடார், வி.எச்.எஃப் ரேடியோ, படகின் இடத்தை மற்றக் கப்பல்களுக்கு அறிவிக்கிற ஏ.ஐ.எஸ் எல்லாவற்றின் சுவிட்சையும் அணைத்து அதன் மேல் ரேப் ஒட்டுங்கள். நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து, ஹெல்மெட். ஒவ்வொரு ஸ்பானருக்கும் ஸ்க்ரூட்ரைவருக்கும் மெல்லிய கயிறு கட்டிக் கதிரையோடு இணைத்திருக்க வேண்டும், போனுக்கும்தான். 15 மீற்றரிலிருந்து விழுகிற ஸ்பானர் டெக்குக்கு வரும்போது மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். மரத்தடியில் யாரும் நிற்கக்கூடாது, வின்ச் மரத்தடியில் இருந்தால் அங்கே நிற்பவருக்கும் ஹெல்மெட். மறந்த சாமானை எடுக்க நீளமான ஒரு கயிறும் துணி வாளியும் கொண்டுபோனால் இரண்டாம் தரம் ஏறத் தேவையில்லை.

ஏறும்போது வின்ச்சுக்குப் பாரமாகத் தொங்காமல் கால்களால் உதவுங்கள். பனையில் ஏறுகிறவருக்கு மரத்தின் சொரசொரப்பே படிக்கட்டு. இந்த மரம் வழுவழுப்பு, ஆகையால் முழங்காலால் இரண்டு பக்கமும் அணைத்து, ஆடும் பக்கத்துக்கு உடம்பை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்ப்ரெடர் வரும்போது கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு கயிறும் உச்சியிலிருந்து நேரே வருகின்றனவா, ஒன்று ஸ்ப்ரெடருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மேலே.

உச்சியில் முதல் வேலை, அகலமான பட்டி ஒன்றை மரத்தைச் சுற்றி அல்லது உச்சித் தகட்டின் துளையால் விட்டு ஹார்னஸில் கொளுவுவது. அதற்குப் பிறகுதான் இரண்டு கையும் வேலைக்கு. அன்டெனாவையும் காற்றுமானியையும் பிடித்துத் தொங்காதீர்கள். கம்பிகளை வெறுங்கையால் தடவாமல் ஒரு ரிசு பேப்பரால் சுற்றி இழுங்கள், அறுந்த இழை இருந்தால் பேப்பர் கிழிந்து காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு ஸ்ப்ளிட் பின்னும் இருக்கிறதா, கால் விரிந்திருக்கிறதா என்று பார்த்துப் படமெடுங்கள். காலை முழுதாக மடித்து முறுக்கினால் அந்த ஸ்ப்ளிட் பின் அடுத்த தரம் கழற்றும்போது உடையும், கொஞ்சம் விரித்து ரேப் சுற்றினால் போதும். சில்லை விரலால் சுழற்றிப் பாருங்கள். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் திருகாணி போகிற இடத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தின்கின்றன. கழற்றினால் இடையில் பசை பூசாமல் திருப்பிப் பூட்டாதீர்கள்.

அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இருப்பில் இருப்பதில்லை. தொடை விறைக்கும், அடிக்கடி காலை உதறிக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் பேச்சில் தடுமாறினாலோ கையசைவுக்குப் பதில் வராவிட்டாலோ காரணம் விசாரிக்காமல் இறக்குங்கள். மயங்கியவர் ஹார்னஸில் தொங்கிக்கொண்டிருப்பது சில நிமிடத்திலேயே உயிருக்கு ஆபத்து. மேலே கொளுவிய பட்டிதான் இதில் தடை, அதனால் அது இழுத்தால் கழலும் வகையா, வெட்டித்தான் எடுக்க வேணுமா என்று இன்னொருவர் ஏறிப் பார்க்க வேண்டிய நிலையை வைக்காதீர்கள். பட்டியைக் கூட்டிக் குறைக்கிற நீளமாக வைத்து, கை வேலை இல்லாத நேரத்தில் கழற்றிவிடுவேன்.

இறக்குவது ஏற்றுவதைவிடக் கவனமான வேலை. முதலில் பட்டி கழன்றதா என்று மேலே கேட்க வேண்டும். பிறகு வின்ச்சில் பாரத்தை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகே கிளச்சைத் திறக்க வேண்டும். சுற்றை அதிகம் குறைக்கக் கூடாது. நாலில் குறைந்தது மூன்று சுற்றாவது இருக்கட்டும். ஒரு உள்ளங்கை சுற்றுகளின் மேல் அழுந்தியிருக்க, மற்றக் கை வாலைச் சாண் சாணாக விடும். வெட்டி வெட்டி விடாமல் ஒரே சீராக. துணைக்கயிறு அதற்குச் சற்று முந்தி இளகும்.

தனியே ஏறலாமா என்று கேட்பவர்களுக்கு: கயிற்றைப் பல்லால் கவ்வுகிற ஜூமார் பிடியும், கயிற்றைப் பிடித்து நிறுத்துகிற கிரிகிரி என்கிற கருவியும் வைத்து ஏறுகிறார்கள், கடலில் தனியே ஓடுகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. கிரிகிரி 8.5 முதல் 11 மில்லிமீற்றர் கயிற்றுக்கே. பல்லுள்ள ஜூமார் தேய்ந்த கயிற்றின் உறையை உரித்துவிடும். ஆனால் என் மறுப்பு கருவியைப் பற்றியதல்ல. மேலே ஒன்று நடந்தால் கீழேயிருந்து இறக்க ஒருவரும் இல்லை. கொழும்பில், கூப்பிட்டால் ஆள் வருகிற இடத்தில், அப்படி ஏற எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

கூலி பேசும்போது மூன்று பேருக்கும் சேர்த்தே பேசுங்கள். "வின்ச்சை என்ட மகன் பிடிப்பான், நீங்க மட்டும் வாங்க, குறைச்சுத் தாறன்" என்று முதலாளி சொல்வார். மகன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். கதிரையை மடித்துப் பையில் வைத்து, வேறு நாள் சொல்லுங்கள்.