‘கட்டினார்’ என்று எழுதிவிடாதீர்கள்

போன மாதம் ஒரு பையன் எண்பது பக்க டிடிபி தாள்களோடு வீட்டுக்கு வந்தான். அவனுடைய தாத்தா பக்கத்து ஊரில் மொத்த மளிகை வியாபாரி. வணிகர் சங்கத் தலைவர், பள்ளிக்கூடக் கமிட்டிச் செயலாளர், இரண்டு தடவை நகராட்சி மெம்பர். நூற்றாண்டுக்கு மலர் போடுகிறார்கள். “சார், ஒரு பார்வை பாத்துக் குடுங்க, அடுத்த வாரம் பிரஸ்ஸுக்குப் போகுது” என்றான். பத்தாம் பக்கத்திலேயே எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்துக்கு முன் நான் எழுதிய வாக்கியம், கிட்டத்தட்ட எழுத்து மாறாமல், அங்கே உட்கார்ந்திருந்தது.

மணிவிழா மலர், நூற்றாண்டு மலர், சங்கத்தின் பொன்விழா மலர் என்று தென்மாவட்டத்து ஊர்ப் பெரியவர்களின் வாழ்க்கையை எழுதித்தான் எனக்கு ஓரளவு பிழைப்பு ஓடுகிறது. எழுத்துப் பிழை, தலைப்பெழுத்து மாறிப்போவது, ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்த வருடம், இதெல்லாம் புரூஃப் பார்ப்பவரிடம் மாட்டிவிடும். அதை விட்டுவிடுகிறேன். அவரையும் தாண்டி அச்சில் ஏறிவிடுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

இல்லாத மாவட்டத்தில் பிறக்க வைப்பது

“1926இல் விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தார்” என்று தொடங்கியிருந்தான். 1926இல் அப்படி ஒரு மாவட்டம் கிடையாது. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து 1910இல் உண்டாக்கிய இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் விருதுநகரும் சிவகாசியும் 1985 வரை இருந்தன. அப்புறம் காமராசர் மாவட்டம். விருதுநகர் மாவட்டம் என்ற பெயர் அதற்கும் பின்னால் வந்தது. அந்த ஊரே 1923க்கு முன் விருதுபட்டி.

பெயர்தானே என்று நினைக்கலாம். இராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் வெகுகாலம் மதுரையில்தான் இருந்தது. மனுவோடு கலெக்டரைப் பார்க்க மதுரைக்கு ரயில் ஏறியதாக ஒருவருடைய நாட்குறிப்பில் பார்த்தேன். பாவம், வயதான காலத்தில் குழம்பி எழுதியிருக்கிறார் என்று ‘இராமநாதபுரம்’ எனத் திருத்திவைத்தேன். குழம்பியது நான்.

‘வெறுங்கையோடு வந்தார்’

மலருக்கு மலர் இந்த வரி உண்டு. பையனும் விடவில்லை: “1952இல் பத்து ரூபாயோடு தானியக் கடை தொடங்கினார்.” சரி, பத்து ரூபாய் உண்மையாகவே இருக்கட்டும். அந்த 1952இல்தான் ராஜாஜி அரசு உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது. யுத்த காலத்திலிருந்து ரேஷனிலும் பெர்மிட்டிலும் கட்டுண்டு கிடந்த தானிய வியாபாரம் அவிழ்ந்த வருடம். அதைச் சொல்லாமல் பத்து ரூபாயை மட்டும் சொன்னால் தாத்தா மந்திரவாதி ஆகிவிடுகிறார். தருணம் பார்த்து இறங்கிய ஆள் என்று சொன்னால்தான் அவர் வியாபாரி.

சிவகாசிக் கதையும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே 1922இல்தான் இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் என்று வரியை ஏற்றினார்கள். வெளிநாட்டுப் பெட்டி விலை ஏறியது, உள்ளூர்ப் பெட்டிக்கு இடம் கிடைத்தது. சிவகாசியில் குச்சியைக் காயவைக்க வெயிலுக்குப் பஞ்சமில்லை. மானாவாரி விவசாயம் கைவிட்டதால் வேலைக்கு ஆளுக்கும் பஞ்சமில்லை. இத்தனையும் சேர்ந்த இடத்தில்தான் அந்தத் துணிச்சல் பலித்தது.

கல்லாப்பெட்டியைத் தாண்டிக் குதிப்பது

பிறப்பு ஒரு பக்கம், கடை ஒரு பத்தி, உடனே பதவி. இடையில் முப்பது வருடம் அவர் உட்கார்ந்திருந்த திண்டு காணாமல் போய்விடும். பெரியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதில் அப்பாவின் மண்டிக்கு வந்தவர், ஈரோடு நகராட்சித் தலைவர் பதவியை 1919இல் விடும்போது நாற்பதை எட்டிவிட்டார். பொதுக்காசில் கடைசிவரை அவர் காட்டிய கெடுபிடியை மண்டியைத் தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். உங்கள் ஆள் கடனை எப்படி வசூலித்தார், யாருக்குக் கடன் இல்லை என்றார், பேரேட்டை யார் எழுதினார்கள் என்று கேளுங்கள். வீட்டார் இதைச் சொல்லமாட்டார்கள். பழைய கணக்குப்பிள்ளை இருந்தால் சொல்வார்.

‘கட்டினார்’

பத்தாம் பக்கத்து வாக்கியம் இதுதான்: “தம் சொந்தச் செலவில் பள்ளிக்கூடம் கட்டினார்.”

நான் எழுதியது வற்றல் மண்டிக்காரர் ஒருவரைப் பற்றி. பள்ளிக்கூட வாசலில் கல் இருந்தது. அதில் ‘இன்னார் அவர்களின் பெருமுயற்சியால்’ என்று தெளிவாக வெட்டியிருந்தார்கள். படித்தேன், போட்டோகூட எடுத்தேன். வீட்டுக்கு வந்து ‘சொந்தப் பணத்தில் கட்டினார்’ என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பதில் இல்லை. ஓசை நன்றாக இருந்தது, அவ்வளவுதான். குடும்பத்தாருக்கும் பிடித்துப்போனது. ஆயிரம் பிரதி.

கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் ஒரு பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். அந்த மண்டியில் தராசு பிடித்தவராம். “தம்பி, எங்கய்யா வத்தல் மூட்டை கொண்டுட்டு வருவாரு. மூட்டைக்குக் காலணா புடிப்பாங்க, பள்ளிக்கூடத்துக்குன்னு. அந்தக் காசு ஒங்க பொஸ்தகத்துல எங்க போச்சு?” என்றார். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

மழுப்பியது ஒரு வாரம்தான் தாங்கியது. பள்ளி நிர்வாகம் யாருக்கு என்று சங்கத்துக்கும் அந்த வாரிசுகளுக்கும் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாரிசுகளின் வக்கீல் என் மலரின் பக்கத்தையே ஆவணமாகக் கொடுத்துவிட்டார். சங்கத்திலிருந்து எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. “ஊர்க் காசுல கட்டுனத ஒரு வீட்டுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களே அண்ணாச்சி” என்று செயலாளர் போனில் கேட்டதுதான் நோட்டீஸைவிட உறைத்தது. பிழைத்திருத்தச் சீட்டு அடித்து, மீதமிருந்த அறுநூற்றுச் சொச்சம் பிரதியிலும் நானும் என் மனைவியும் பசை தடவி ஒட்டினோம். வாங்கிய பணம் பிரஸ்ஸுக்கே போனது.

மகமை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வரி. பேட்டை, கிணறு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் காசில் எழுந்தவை. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, 1889இல் தொடங்கியது, காமராசர் படித்தது, இந்த வழியில் வளர்ந்ததுதான். மகமை போதாதென்று வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்த ஊர் அது. உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தை யார் கட்டினார் என்று ஒற்றை ஆளைச் சொல்ல முடியுமா? இதெல்லாம் தெரிந்தும், எதிரே ஒரு பெரிய மனிதரின் படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை தானாக ‘கட்டினார்’ என்று எழுதிவிடுகிறது.

வழக்கு ஒருவழியாகச் சமாதானம் ஆன பிறகு சங்கத்துக்காரர்களே இரங்கி மகமைப் பேரேட்டைக் காட்டினார்கள். நீளவாக்கில் தைத்த நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. என் ஆளின் கடையும் மற்ற கடைகளைப் போல மூட்டைக் கணக்குக்குத் தகுந்த காசைக் கட்டியிருக்கிறது, ஒரு காசு கூடக்குறைய இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் அவர் பெயரில் 1,400 ரூபாய் கைமாற்று. கூரைக்குத் தேக்கு வாங்க அவசரமாகப் பணம் தேவைப்பட்டிருக்கிறது. ஏழு மாதத்தில் வட்டியில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்னொரு கடையின் பெயருக்கு எதிரே மாதாமாதம் ‘பாக்கி’, ‘பாக்கி’ என்று பதினாறு மாதம். பதினேழாவது மாதம் மொத்தமும் வரவு. அந்தப் பதினாறு மாதமும் சாயங்காலம் கடையடைத்த பின் என் ஆள் வசூல் சிட்டையோடு அந்தக் கடை வாசலுக்குப் போய் நின்றிருக்கிறார். சண்டை போட்டதில்லையாம். நின்றுவிட்டு, “நாளைக்கு வாரேன்” என்று மட்டும் சொல்வாராம். தராசுக்காரப் பெரியவர்தான் சொன்னார்.

என் ஆளைப் பற்றி எழுதத் தகுந்தது இதுதான். பணம் இருக்கிறவன் கட்டடம் கட்டிவிடலாம். இருநூறு கடைக்காரன் தன் காசை ஒருத்தர் கையில் நம்பிக் கொடுப்பதற்கு அந்த ஆள் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? அதை ஒற்றைச் சொல்லில் அழித்துவிட்டு, அவரைப் புகழ்ந்ததாக வேறு நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த மலரைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. என்மேல்தான்.

ஆகவே வினைச்சொல்லை எடைபோட்டு வையுங்கள். நிலம் கொடுத்தார், பணம் கொடுத்தார், வசூலித்தார், கைமாற்றுக் கொடுத்து வாங்கிக்கொண்டார், கட்டும்போது தலைவராக இருந்தார், திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கினார், இவை ஆறும் ஆறு வேறு ஆட்கள். நகராட்சி வேலையென்றால் இன்னும் உஷார். தண்ணீர்த்தொட்டியோ பஸ் ஸ்டாண்டோ, காசு வரியிலும் அரசுக் கடனிலும் வந்திருக்கும். தீர்மானப் புத்தகத்தில் முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார், எதிர்த்தவர் யார் என்று பாருங்கள். சில சமயம் உங்கள் ஆளே எதிர்த்திருப்பார்!

கோயில் ட்யூப்லைட்டில் ‘உபயம்’ என்று வெளிச்சமே வராத அளவுக்குப் பெயர் எழுதுவதைக் கிண்டல் செய்கிறோம். ஆனால் அது கணக்குச் சுத்தமான சொல். ட்யூப்லைட் அவர் கொடுத்தது, சந்தேகமில்லை.

கைமாற்றைத் திரும்ப வாங்கியதை எழுத வேண்டாம் என்று வீட்டார் சொல்வார்கள். கௌரவக் குறைச்சலாம். எழுதுங்கள்.

மன்றமே இல்லாத வருடத்தில் சேர்மன்

1986இல் நகராட்சித் தேர்தல் நடப்பதற்கு முன் பல வருடம் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். 1991இலிருந்து 1996 வரையும் அப்படியே, 2016இலிருந்து 2022 வரையும் அப்படியே. “1993இல் சேர்மனாக இருந்தபோது” என்று யாராவது சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. ஊரில் ஒரு தடவை சேர்மன் ஆனவர் சாகும்வரை சேர்மன்தான்.

ராவ் சாகிப், ராவ் பகதூர்

வெள்ளைக்கார அரசு கொடுத்த பட்டங்கள். 1947க்குப் பிறகு யாரும் வாங்கியிருக்க முடியாது.

‘இன்றைய மதிப்பில் பல கோடி’

வேண்டாம். அந்த வருடம் ஒரு மூட்டை அரிசி என்ன விலை என்று அவர் பேரேட்டிலேயே இருக்கும், அதைப் போடுங்கள். 1957 ஏப்ரலுக்கு முன் ரூபாய், அணா, பை. 3-8-0 என்று இருப்பதை மூன்று ரூபாய் எண்பது காசு என்று படித்துவிடாதீர்கள். எட்டணா என்றால் அரை ரூபாய், ஆகவே அது மூன்றரை ரூபாய்.

மனைவி

‘துணைவியார்’ என்று எழுதிவிட்டுப் பெயரை விட்டிருந்தான் பையன். சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என்று பெயர்ப்பலகையிலேயே அந்த அம்மாள் இருக்கிறார், அது 1963இல் தொடங்கியது. நீங்கள் இத்தனை வருடம் கழித்து எழுதுகிறீர்கள். பிடி அரிசியை உலையிலிருந்து ஒதுக்கியது எந்தத் தலைவர் என்று நினைத்தீர்கள்?

குரூப் போட்டோ

தெரியாத முகத்துக்குப் பெயர் போடாதீர்கள்.

பையன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் போனான். பிரஸ்ஸுக்குப் போகிற தேதியைத் தள்ளிவைத்ததில் அவன் அப்பாவுக்கு என்மேல் கோபம் என்று கேள்விப்பட்டேன். நேற்று ராத்திரி போன் செய்தான். பரண்மேல் ஒரு தகரப் பெட்டி, அதில் நீள நோட்டாக நான்கு கிடைத்ததாம். ஈரம் பட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஓரமெல்லாம் இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது, மொட்டை மாடியில் வெயிலில் போட்டுப் பிரிக்கலாமா என்று கேட்டான்.

“வெயில் வேண்டாம்பா, தாள் நொறுங்கிரும். நிழல்ல, ஃபேன் காத்துல வை. ஒட்டுன பக்கத்தப் பிய்க்காத, செல்லோ டேப் ஒட்டாத” என்றேன். “மேல என்ன எழுதியிருக்கு, படிக்க முடியுதா?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. டார்ச் அடித்துப் பார்க்கிறான் போலிருக்கிறது.

“மகமைன்னு போட்டிருக்கு சார்.”