வகுப்பு விதிகள் எங்கே நழுவுகின்றன? தொடக்கப் பள்ளிப் பெற்றோரும் ஆசிரியரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வீட்டுக்கு ஒரு தாள் வரும். காலையில் எத்தனை மணிக்குள் வர வேண்டும், லீவு எடுத்தால் யாரிடம் சொல்ல வேண்டும், நகை போடக் கூடாது, பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம், சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட யார் வரலாம் என்று பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்து வீடுகளில் அந்தத் தாளுக்கு என்ன ஆகும் தெரியுமா? ஐயா (தாத்தா) கண்ணாடியைத் தேடாமலே கையெழுத்துப் போட்டுவிடுவார். அம்மா அதைப் போட்டோ எடுத்து சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்புவார், அவர் சாப்பாட்டு இடைவேளையில் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போடுவார். ஆனால் காலையில் தலை பின்னி, பொட்டு வைத்து, பையைத் தோளில் மாட்டி அனுப்புவது அப்பத்தா. அப்படி ஒரு தாள் வந்ததே அவருக்குத் தெரியாது.

பள்ளி விதிகள் மீறப்படுவதில் பாதிக்கு மேல் அடாவடியால் நடப்பதில்லை. விதியைக் கேட்டவர் ஒருவர், பிள்ளையை அனுப்புகிறவர் வேறொருவர், அவ்வளவுதான். அதனால் முதல் தவறு, கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. அந்தத் தாளை அப்பத்தாவுக்கு உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பள்ளிக்கூடங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல தனியார் பள்ளிகளில் அந்தத் தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. தாத்தா பாட்டிதான் வளர்க்கிறார்கள் என்று தெரிந்தும் ஆங்கிலத்தில் அச்சடித்துவிட்டு, "பேரண்ட்ஸ் கோ-ஆப்பரேட் பண்றதில்ல" என்று குறைப்பட்டால் என்ன அர்த்தம்?

சுவரில் ஒட்டும் விதிச் சார்ட்டுக்கு வருவோம், இது முழுக்க ஆசிரியர் பக்கத்துத் தவறு. இருபது விதிகள், எல்லாமே 'ஓடாதே', 'கத்தாதே', 'எழுந்திருக்காதே'. ஆறு வயதுப் பிள்ளைக்கு எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் சொன்னால், அப்புறம் எதைச் செய்வது என்று தெரியாது. நாலைந்து விதி போதும், அதையும் செய்கிற மாதிரி எழுதுங்கள்: 'ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்', 'தண்ணீர் குடித்ததும் குழாயை மூடுவோம்' என்று. எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, முதல் வாரம் முழுக்கச் செய்து பார்க்க வைக்க வேண்டும். செருப்பை எங்கே விடுவது, பையை எந்தப் பக்கம் வைப்பது, வரிசையில் முன்னால் நிற்பவனை இடிக்காமல் எப்படி நிற்பது என்று ஒவ்வொன்றையும் பாடம் மாதிரி நடத்துகிற ஆசிரியரின் வகுப்பில் ஆகஸ்டுக்குப் பிறகு சத்தம் போடவே தேவை வராது.

சிறுநீர் கழிக்கப் போவதற்கு மட்டும் விதியை இறுக்காதீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்டர்வல் வரை அடக்கத் தெரியாது. வீட்டிலும் ஒன்றைப் பாருங்கள்: புது யூனிஃபார்மில் பெல்ட்டும் கொக்கியும் இறுக்கமாக இருந்தால் பிள்ளை கழற்றத் தெரியாமல் நின்றபடியே நனைத்துக்கொள்கிறது, நாள் முழுக்க வெட்கத்தில் வாய் திறக்காது. ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுவிட்டு, தானாகக் கழற்றி மாட்டச் சொல்லிப் பாருங்கள்.

நேரத்துக்கு வருவது. "பத்து நிமிஷம்தானே டீச்சர்" என்பார்கள். ஒன்று முதல் ஐந்து வரையான பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வது ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம். தினம் பத்து நிமிஷம் என்றால் 200 நாளில் முப்பத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது, அதாவது எட்டு நாள் படிப்புக்கும் மேல். அதோடு, 2023 ஆகஸ்டிலிருந்து அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு உண்டு. அது மணி அடிப்பதற்கு முன்பே முடிந்துவிடும். தாமதமாக வரும் பிள்ளை வீட்டிலும் சாப்பிடாமல் பள்ளியிலும் சாப்பிடாமல் மதியம் வரை தாங்க வேண்டும். அதே சமயம் தாமதமாக வந்த பிள்ளையை வெயிலில் வாசலில் நிறுத்துவதும் தவறுதான். இரண்டாம் வகுப்புப் பிள்ளையா அலாரம் வைத்து எழுந்து ஆட்டோ பிடித்து வருகிறது? பேச வேண்டியது வீட்டாரிடம்.

இனி லீவு. நம் பக்கத்தில் இது பெரிய கதை. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, மாசி பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம், நடுவில் குலதெய்வம் படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, வீடு குடிபுகுதல். கோயிலுக்குப் போகாதே என்று இந்த ஊரில் எந்த டீச்சரும் சொல்லப் போவதில்லை, அவரே பால்குடம் எடுக்கிறவராக இருப்பார். தவறு எதில் என்றால், சொல்லாமல் போவதிலும், பொய் சொல்லிப் போவதிலும். 'கடும் காய்ச்சல் காரணமாக' என்று லீவு லெட்டர் வந்திருக்கும், நாலாம் நாள் பிள்ளை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து நிற்கும், கையில் பஞ்சாமிர்த டப்பா வேறு. டீச்சர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் அந்த லெட்டரைப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதானே எழுதினீர்கள்? 'டீச்சரிடம் பொய் சொல்லலாம்' என்பதை அது யாரிடம் கற்றுக்கொண்டது?

உண்மையை எழுதுங்கள், முன்கூட்டியே எழுதுங்கள். 'வரும் புதன் முதல் வெள்ளி வரை பழனி போகிறோம், திங்கள் வந்துவிடுவாள்' என்று இரண்டு வரி எழுதினால், அந்த மூன்று நாளில் நடக்கப்போகும் பாடம் எது என்று ஆசிரியர் சொல்லி அனுப்ப முடியும். அப்படியே சின்ன ஒரு வேண்டுகோள்: நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும் சடங்கு சாயங்காலம்தான். அதற்குக் காலையிலிருந்தே லீவு எதற்கு?

நகை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'நகை அணியக் கூடாது' என்றால் பலருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. விசேஷத்துக்குப் போட்ட சங்கிலியைக் கழற்ற மறந்து, மறுநாள் யூனிஃபார்முக்குள்ளேயே அனுப்பிவிடுவார்கள். பிள்ளை மைதானத்தில் உருண்டு வந்து பார்த்தால் கழுத்தில் ஒன்றுமில்லை. மணலைச் சலித்துத் தேடுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வகுப்பில் இருக்கும் முப்பது பிள்ளைகளின் பையும் கொட்டப்படும். யாருடைய பை முதலில் கொட்டப்படும் என்று உங்களுக்கே தெரியும்: சத்துணவுக்கு நிற்கும் பிள்ளை, பழைய பை கொண்டு வரும் பிள்ளை. சாயங்காலம் சங்கிலி வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடைத்திருக்கும், அந்தப் பிள்ளைக்கு விழுந்த பெயர் அழியாது. ஆசிரியர்களே, எது காணாமல் போனாலும் பிள்ளைகள் பையைச் சோதிக்காதீர்கள். பெற்றோர்களே, சின்னத் தோடு போதும், கொலுசில் முத்துக்கூட வேண்டாம்.

அடி பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. "கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க டீச்சர்" என்று பாசத்தோடு சொல்லும் ஐயாக்கள் இருக்கிறார்கள். அந்த அனுமதியை நீங்கள் கொடுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, எல்லார் முன்னாலும் 'மக்கு' என்பது எல்லாம் அதில் அடங்கும். வீட்டில் நடக்கும் இன்னொரு தவறு, சாப்பிட மறுத்தால்கூட "இரு, டீச்சர்ட்ட சொல்றேன்" என்று மிரட்டுவது. பூச்சாண்டியாக்கி வைத்த ஒருவரிடம் போய்த்தான், புரியவில்லை என்று பிள்ளை கை தூக்க வேண்டும். எப்படித் தூக்கும்?

அடுத்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். "எம் பிள்ளைய அந்தத் தெருப் பிள்ளை பக்கத்துல உட்கார வைக்காதீங்க" என்று தனியாக அழைத்துச் சொல்லும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லாமல், கண் சரியில்லை, முதல் பெஞ்சு வேண்டும் என்று சுற்றி வருகிறவர்களும் உண்டு. இதற்குப் பெயர் தீண்டாமை. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்த விஷயம். ஆசிரியர் இதில் இளகக் கூடாது, 'சரி, பார்க்கலாம்' என்று மழுப்பவும் கூடாது. நல்ல வழி, வாரா வாரம் இடத்தைச் சுழற்றுவது. எல்லாப் பிள்ளையும் எல்லார் பக்கத்திலும் உட்காரும் என்பதை ஜூன் மாதத் தாளிலேயே எழுதிவிடுங்கள், அப்புறம் யாரும் தனியாக வந்து கேட்க இடமிருக்காது. மதியச் சாப்பாட்டு வரிசைக்கும் இதேதான். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கு முட்டை வைக்க வேண்டாம் என்று கேளுங்கள், அது நியாயம். வேறு பந்தி கேட்பது நியாயமில்லை.

வீட்டுப்பாடத்தில் ஒரு வேடிக்கை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பை கொள்கையும் அதையே சொல்கிறது, மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஆனால் 'ஒண்ணுமே எழுதக் குடுக்க மாட்டேங்கிறீங்களே' என்று கேட்டு வருகிறவர்கள் பெற்றோர்தான். கொடுத்தால், பிள்ளை தூங்கிய பிறகு சித்தி எழுதி வைப்பார். 'ற'வும் 'ன'வும் அச்சு மாதிரி அழகாக இருந்தால் டீச்சருக்குத் தெரியாதா? அரசுப் பள்ளிகளின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். சித்தி எழுதிக் கொடுத்தால் அரும்பில் இருக்கிற பிள்ளை மலரில் இருப்பதாகத் தோன்றும், அதற்கு வேண்டிய பயிற்சி கிடைக்காமலே போகும். தப்பாக எழுதினாலும் பிள்ளையின் கையெழுத்திலேயே வரட்டும். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் அதே கொள்கையில் இருக்கிறது. இருபது கிலோ பிள்ளைக்கு இரண்டு கிலோ. வீட்டுத் தராசில் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

பிள்ளைகள் அடித்துக்கொண்டால் பெரியவர்கள் நேராக அடுத்த வீட்டுக்குச் சண்டைக்குப் போவது பெரிய தவறு. இரண்டு பேரும் மறுநாள் ஒன்றாகக் கோலி விளையாடிக்கொண்டிருப்பார்கள், பெரியவர்கள் கல்யாணப் பத்திரிகைகூடக் கொடுக்காமல் இருப்பார்கள். அதைவிடப் பெரிய தவறு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரைப் போட்டு எழுதுவது. ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள், தீராவிட்டால் தலைமை ஆசிரியர், அதற்கும் மேலே பள்ளி மேலாண்மைக் குழு. அரசுப் பள்ளிகளில் அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, கூட்டத்துக்குப் போனால்தானே தெரியும். வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களுக்கு: சிங்கப்பூரில் காலை ஏழு மணி என்றால் இங்கே நாலரை. டீச்சரை எழுப்பாதீர்கள்.

உடம்பு சரியில்லாத பிள்ளையை அனுப்புவது பற்றி ஒரே ஒரு விஷயம். அம்மை போட்டால் தலைக்குத் தண்ணீர் விட்டதும் அனுப்பிவிடுகிறார்கள். சின்னம்மை கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை மற்றவர்களுக்குப் பரவும். எத்தனையாவது தண்ணீர் என்று எண்ணாமல், உடம்பைப் பார்த்து அனுப்புங்கள். பள்ளியிலும் மறைக்க வேண்டாம்.

சாயங்காலம் கூப்பிட வருவது யார் என்பதில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். விசேஷ நாட்களில் வெளியூர்ச் சொந்தம் நிறைய வந்திருக்கும், "நான் அவளுக்குச் சித்தப்பா முறை" என்று யாராவது வண்டியோடு வந்து நிற்பார், உண்மையிலேயே சித்தப்பாவாகவும் இருப்பார். பெயர்ப் பட்டியலில் இல்லை என்றால் டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டபிறகுதான் விட வேண்டும். அதற்காக அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், பெரிய மனுஷரை வாசலில் நிற்க வைத்துவிட்டார்கள் என்று ஐயாவிடம் புகாரும் சொல்லாதீர்கள். பட்டியலில் அப்பத்தா பெயரும் ஆட்டோ ஓட்டுகிறவர் பெயரும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், வெளிநாட்டில் இருக்கும் அப்பாவின் நம்பர் மட்டும் கொடுத்திருந்தால் உள்ளூரில் உடனே எடுக்கக்கூடிய இன்னொரு நம்பரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.